டாக்டரம்மா பதில்கள்: அட்டையின் பின்பக்கம்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தால் ஒரு கட்டு முழுக்க 'நரம்பு மாத்திரை' பற்றியே இருக்கிறது. மாவட்ட நெஞ்சுநோய்ப் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவள் என்பதால் டிபி, தொழுநோய்க்காரர்களின் வீட்டுக் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

என் வீட்டுக்காரருக்கு 46 வயது, தறி ஓட்டுகிறார். டிபி என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரி மாத்திரை மூன்றாவது மாதமாகச் சாப்பிடுகிறார். இருமல் நின்றுவிட்டது, சாப்பாடும் இறங்குகிறது. ஆனால் ஒரு மாதமாக ராத்திரியானால் இரண்டு உள்ளங்காலும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறதாம். வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மெடிக்கலில் நரம்பு மாத்திரை கொடுத்தார்கள், பத்து மாத்திரை 220 ரூபாய். ஒரு அட்டை முடிந்தும் குறையவில்லை. இரண்டிரண்டாகப் போடலாமா? "டிபி மாத்திரை சூடு, அதை நிறுத்து" என்கிறார் கொழுந்தனார். காலி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.
— வாசகி, குமாரபாளையம்

அட்டையை அனுப்பினீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. பாதிப் பேர் "சிவப்பு கலர் மாத்திரை, நீளமா இருக்கும்" என்று எழுதுவார்கள். நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம். ஆல்பா லிப்போயிக் அமிலம் 100 மில்லிகிராம். ஃபோலிக் அமிலம் ஒன்றரை மில்லிகிராம். தயமின் 10. எல்லாவற்றுக்கும் கீழே, கத்தரி பட்டு பாதி எழுத்து போன இடத்தில், பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், 3 மில்லிகிராம். உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியது அநேகமாக அந்தக் கடைசி வரி ஒன்றுதான். 22 ரூபாய் மாத்திரையில் அது 3 மில்லிகிராம் இருக்கிறது. மற்றதெல்லாம் கல்யாணத்துக்குக் கூட வந்த கூட்டம்.

ஏன் என்று சொல்கிறேன். டிபி கூட்டு மாத்திரையில் ஐசோனியசிட் என்று ஒரு மருந்து உண்டு. 1952-ல் வந்தது, இன்றுவரை அதை ஓரங்கட்ட முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரரின் எடை 50 கிலோவுக்கு மேல் 65-க்குள் என்றால் தினம் நாலு மாத்திரை தந்திருப்பார்கள். ஒன்றில் 75 வீதம், நாலில் 300 மில்லிகிராம் ஐசோனியசிட். இந்த மருந்து உடம்பில் இருக்கும் பி6 வைட்டமினோடு ஒட்டிக்கொண்டு சிறுநீரில் வெளியே இழுத்துப் போய்விடும். மிச்சம் இருக்கும் பி6-ஐயும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். பி6 இல்லாமல் நரம்பு பிழைக்காது. உடம்பிலேயே மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதுதான், அதனால் முதலில் அங்கேதான் எரியும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும்.

எல்லோருக்கும் இது வருவதில்லை. ஐசோனியசிட்டைக் கல்லீரல் சீக்கிரம் கழித்துவிடுகிறவர்கள் உண்டு, மெதுவாகக் கழிக்கிறவர்கள் உண்டு. பிறவி வாகு அது. நம் பக்கத்தில் மெதுவாகக் கழிக்கிறவர்களே அதிகம். அதோடு எடை குறைந்த உடம்பு, சர்க்கரை, மது, கர்ப்பம், எச்.ஐ.வி. இவற்றில் ஒன்று சேர்ந்தால் நரம்பு சீக்கிரம் அடிவாங்கும்.

இதைத் தடுக்க எவ்வளவு பி6 போதும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியிருக்கவில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். இன்று நாம் தருவதைவிடக் கூடுதலாக ஐசோனியசிட் சாப்பிட்டவர்களுக்குக்கூட தினம் 6 மில்லிகிராம் பி6 கொடுத்தாலே கால் எரிச்சலைத் தடுக்கலாம் என்று தெரிந்தது. இப்போது அரசுத் திட்டத்தில் 10 மில்லிகிராம் தருகிறோம். ஆனால் அது கூட்டு மாத்திரைக்குள் கிடையாது, தனியாகக் குட்டி மாத்திரையாக இருக்கும். 'சத்து மாத்திரைதானே' என்று அதை மட்டும் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகளை நான் எண்ணி மாளாது. உங்கள் வீட்டு டப்பாவையும் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டிரண்டாகப் போட்டால் 44 ரூபாய்க்கு 6 மில்லிகிராம். வராமல் தடுக்க அது போதும். வந்துவிட்ட எரிச்சலை அணைக்க எட்டாது. அதற்கு 50-லிருந்து 100 மில்லிகிராம்வரை கொஞ்ச காலம் கொடுத்து, எரிச்சல் அடங்கியதும் பழையபடி 10-க்கு இறக்குவோம். எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை உங்கள் டிபி டாக்டர் எழுதட்டும், நீங்களாக வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது இரண்டு விஷயத்தை மறைக்காதீர்கள். சர்க்கரை பார்த்தார்களா? டிபியும் சர்க்கரையும் நம் ஊரில் ஜோடி போட்டுக்கொண்டு திரிகின்றன. இன்னொன்று, சங்கடப்படாமல் கேட்கிறேன்: குடிப்பழக்கம் உண்டா? உண்டென்றால் பி1-ம் சேர்ந்து குறைந்திருக்கும், வைத்தியம் கொஞ்சம் மாறும்.

வாளித் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை, வெந்நீர் கூடவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குக் கொதி தெரியாது. கொழுந்தனாரிடம் என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள்: மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்தினால் இருமல் திரும்பும், அப்போது வருகிற கிருமிக்கு இதே மருந்து கேட்காமல் போகலாம். கால் எரிச்சலுக்குக் குட்டி மாத்திரை இருக்கிறது, அதற்குப் பயந்து பெரிய மாத்திரையை விடக்கூடாது.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 67. டிபி சிகிச்சை முடிந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. அப்போது காலில் மதமதப்பு வந்து, டாக்டர் பி6 நூறு மில்லிகிராம் எழுதினார். குணம் தெரிந்தது. நல்ல மாத்திரைதானே என்று இன்றும் காலை ஒன்று, இரவு ஒன்று போடுகிறேன். அது போக பி காம்ப்ளக்ஸ், மகன் வாங்கித் தந்த சத்து மாவு, மல்டிவைட்டமின் உண்டு. ஆறு மாதமாகப் பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது. இருட்டில் தடுமாறுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் விழப்பார்க்கிறேன். அளவைக் கூட்ட வேண்டுமா?
— வாசகர், புதுக்கோட்டை

ஐயா, கூட்ட வேண்டாம். இன்றைக்கு ராத்திரி மாத்திரையையே போடாதீர்கள்.

தண்ணீரில் கரையும் வைட்டமின், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்று நாங்களே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தோம். 1983-ல் அமெரிக்க டாக்டர்கள் ஏழு பேரின் கதையை வெளியிட்டார்கள். தினம் 2 கிராமிலிருந்து 6 கிராம்வரை பி6 விழுங்கியவர்கள். கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாமல் தள்ளாடினார்கள், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பி6 குறைந்தால் நரம்பு கெடும், மிகுந்தாலும் கெடும். கெடுகிற லட்சணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் விஷம் ஏற ஏற, குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள்.

நீங்கள் கிராம் கணக்கில் சாப்பிடவில்லை, சரி. ஆனால் 200 மில்லிகிராம் ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 100-ஐத் தாண்டாதே என்கிறார்கள். ஐரோப்பாவில் 2023-ல் அந்த வரம்பை 12-க்கே இறக்கிவிட்டார்கள். உங்களிடம் இருக்கும் நாலு டப்பாவையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பின்பக்கமும் பி6, பைரிடாக்சின் என்ற இரண்டு பெயரையும் தேடி, ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றேதான். இலக்கணக் குறிப்பு எழுத வைத்தவருக்கு இது பெரிய வேலையா?

நிறுத்தியதும் மறுநாளே சரியாகிவிடாது. முதல் சில வாரம் கூடுவதுபோலக்கூட இருக்கும். 'நிறுத்தினதால்தான் கூடுகிறது' என்று பயந்து மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். நரம்பு தேறப் பல மாதம் பிடிக்கும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடுவதும் உண்டு.

ஆனால் பழியைப் பி6 தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. 67 வயதில் பி12-ஐயும் சர்க்கரையையும் பார்த்தே ஆக வேண்டும். டாக்டர் உங்கள் கால் கட்டைவிரலில் ஒரு இசைக்கவையைத் தட்டி வைத்து "அதிருதா?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் சீட்டு எழுதினால் நீங்களே கேளுங்கள். அதுவரை குளியலறையில் விளக்கு போட்டு, சுவரில் ஒரு கை வைத்து முகம் கழுவுங்கள்.

என் தம்பிக்கு முழங்கைப் பக்கம் வெளிறிய தேமல். அரிக்காது, வலிக்காது. ஆறேழு மாதமாக அந்தக் கையில் சுண்டுவிரல் மரத்துப் போகிறது, கொஞ்சம் மடங்கியும் இருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று வாரம் ஒரு சத்து ஊசி போடுகிறார்கள். இதுவரை பதினாறு ஊசி. இன்னும் எத்தனை போட வேண்டும்?
— வாசகி, திண்டிவனம்

ஒன்றும் வேண்டாம். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், "தேமலில் உணர்ச்சி இருக்கா என்று பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தொழுநோயோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தக் கிளினிக்காரரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 1989-ல் நானும் இதையே செய்தேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையன் ஒருவன் கை மரத்துப் போகிறது என்று வந்தான். ஒல்லி உடம்பு, சாப்பாடு சரியில்லை, வைட்டமின் குறைவு என்று முடிவு கட்டி நாலு மாதம் பி காம்ப்ளக்ஸ் கொடுத்தேன். வெள்ளைக்கோட்டுத் திமிர், சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவில்லை. ஐந்தாவது மாதம் வந்தபோது மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் பெரிய பெரிய கொப்புளம். "என்னடா இது?" என்றேன். "கொதிக்கிற டீ கிளாஸப் புடிச்சிருக்கேன் போலக்கா, தெரியல" என்றான். அந்தத் 'தெரியல'தான் எனக்கு உறைத்தது. சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகில் மூன்று தேமல். பஞ்சால் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தால் நரம்பு கயிறு மாதிரி தடித்து உருண்டது.

தொழுநோய்க் கிருமிக்கு நரம்பு என்றால் இஷ்டம். தோலையும் நரம்பையும்தான் தேடிப்போய் உட்காரும். கிருமியைக் கொல்ல 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து, இலவசம். நரம்பு வீங்கி நசுங்கும்போது அதைக் காப்பாற்றுவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வாரக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். இதில் வைட்டமினுக்கு வேலையே இல்லை. உணர்ச்சி போய் 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் கஷ்டம். உங்கள் தம்பி சரியாக அந்த வாசலில் நிற்கிறார், பதினாறு வாரம் ஊசியிலேயே போய்விட்டது. அதனால்தான் நாளைக்கே என்றேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம். தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிற கூத்தெல்லாம் தேவையில்லை. மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே கிருமி பரப்பும் சக்தியை இழந்துவிடும். மடங்கிய விரலைத் தினமும் எண்ணெய் தடவி மெதுவாக நீவி நிமிர்த்தச் சொல்லுங்கள். அடுப்படியில் துணி பிடிக்காமல் பாத்திரத்தைத் தூக்கக் கூடாது.

டீக்கடைப் பையனுக்குச் சுண்டுவிரல் முழுசாக நிமிரவில்லை. பின்னாளில் சொந்தமாகக் கடை வைத்தான். நான் போனால் காசு வாங்கமாட்டான். எனக்குத்தான் அந்த டீ இறங்காது.

அம்மாவுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத டிபி. லினசோலிட் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நாலாம் மாதம் கால் குத்தல் ஆரம்பித்தது. பி6 100 மில்லிகிராம் தருகிறார்கள், துளியும் குறையவில்லை. வேறு நல்ல வைட்டமின் சொல்லுங்கள்.
— வாசகர், விருதுநகர்

இந்தக் குத்தல் வேறு ஜாதி, தம்பி. ஐசோனியசிட் பி6-ஐத் திருடுகிறது, திருடியதைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகும். லினசோலிட் எதையும் திருடுவதில்லை. நரம்புச் செல்லுக்குள் சக்தி தயாராகும் இடத்திலேயே கை வைக்கிறது. அதற்கு எந்த வைட்டமினாலும் பரிகாரம் இல்லை. மருந்தின் அளவை 600-லிருந்து 300-க்குக் குறைப்பதா, சில நாள் நிறுத்துவதா என்று உங்கள் டாக்டர்கள் முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால்தானே செய்வார்கள்? குத்தல் எந்தத் தேதியில் தொடங்கியது, பாதம் மட்டுமா, கணுக்கால் தாண்டிவிட்டதா என்று எழுதிக்கொண்டு போங்கள். நீங்களாக அந்த ஒரு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

கண் பார்வையையும் கேளுங்கள். லினசோலிட் கண் நரம்பையும் தொடும். சாதாரண டிபி மாத்திரையில் இருக்கும் எத்தாம்பியூட்டாலும் அப்படித்தான். சிவப்பு வெளிறித் தெரிகிறது, நாளிதழ் எழுத்து மங்குகிறது என்றால் கேரட் ஜூஸ் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வயிற்றில் ஹெச். பைலோரி கிருமி பல வருடமாக இருந்ததாம். சுத்த சைவம். இப்போது கை கால் மதமதப்பு, மறதி. பி12 130 என்று வந்திருக்கிறது. ஊசிதான் போட வேண்டுமா? ஃபோலிக் ஆசிட் போதாதா? மறதிக்கு வல்லாரை சாப்பிடலாமா?
— வாசகி, ஸ்ரீரங்கம்

பலகாலம் அந்தக் கிருமி குடியிருந்தால் இரைப்பையின் உள்தோல் தேயும், அமிலம் குறையும், உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க முடியாமல் போகும். சைவம் என்பதால் வரவே கொஞ்சம். அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், புளிச்ச ஏப்பத்துக்கு வருஷக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம்.

நரம்பில் அறிகுறி இருப்பதால் முதலில் ஊசியே நல்லது. பிறகு மாத்திரைக்கு மாறலாம். தினம் 1000 மைக்ரோகிராம் விழுங்கினால், இரைப்பை ஒத்துழைக்காவிட்டாலும் நூற்றில் ஒரு பங்கு தானாக உள்ளே கசியும். அது நாள் தேவைக்குத் தாராளம். தனியாக ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிடவே சாப்பிடாதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் ரிப்போர்ட் பளிச்சென்று வரும், உள்ளே தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். மறதிக்கு வல்லாரை கேட்டிருந்தீர்கள். துவையல் ருசியாக இருக்கும், அரைத்துச் சாப்பிடுங்கள், ஊசியை விட்டுவிட்டு அல்ல.

வெயிலில் நின்று வைட்டமின் டி ஏற்றினால் டிபி சீக்கிரம் குணமாகுமா?
— வாசகர், தாம்பரம்

அந்தக் காலத்து சானடோரியங்களில் கட்டிலை வெயிலில் போட்டார்கள். இப்போது வைட்டமின் டி கொடுத்துப் பல நாடுகளில் சோதித்துவிட்டார்கள், பொதுவாக குணமாகும் வேகம் கூடவில்லை. நடக்கப் போகிற வெயில் போதும். சித்திரையில் மொட்டைமாடியில் நிற்காதீர்கள்.

நரம்புக்குப் பலம் தர என்ன சாப்பாடு? பாதாம், பிஸ்தா வாங்க வசதியில்லை. டிபி மாத்திரை இரண்டாம் மாதம்.
— பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பாதாம் யார் கேட்டார்கள்? பி6 கொண்டைக்கடலையில் இருக்கிறது, வாழைப்பழத்தில், உருளைக்கிழங்கில், மீனில், கோழியில் இருக்கிறது. தினம் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு வாழைப்பழம் என்று தொடங்குங்கள். எடை ஏற வேண்டும், அதுதான் முக்கியம். ஜார்க்கண்டில் டிபிக்காரர் வீடுகளுக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுவதே கணிசமாகக் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகள் அதிகம் பிழைத்தார்கள்.

உங்களுக்குச் சத்துணவுக்கென்று அரசுப் பணம் உண்டு. 2018-ல் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. வங்கிக் கணக்கில் நேராக விழும். விழவில்லை என்றால் மாத்திரை தருகிற டிபி சுகாதாரப் பார்வையாளரிடம் பாஸ்புக், ஆதார் நகலோடு போய்க் கேளுங்கள். அப்படியே அந்தக் குட்டி பி6 மாத்திரை கையில் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.